மற்றொரு ஃபிளெமிங்

ஃபிளெமிங் என்றவுடன் பெனிசிலினைக் கண்டறிந்தவரே நம் நினைவுக்கு வருவார். நான் இங்குக் கூற விழைவது அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த மற்றொரு ஃபிளெமிங்கைப் பற்றி.

செல் பிரிதலின் நான்கு கட்டங்களும் எனக்கு மனப்பாடம். ஆயினும் செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, கண்ணில் பட்டவை சிவப்புத் திட்டுகளே. பாடநூற் படத்தைப் பார்த்து ரெக்கார்டில் வரைந்துவிட்டேன். அந்த வெட்கமே இம்மேதையின் வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

வால்ட்டர் ஃபிளெமிங் 1843 ஏப்ரல் 21ஆம் நாள் ஜெர்மனியில் சாக்சன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மனநோய் மருத்துவர். மகனும் மருத்துவம் பயின்று 1868இல் பட்டம் பெற்றார். 1870இல் மூண்ட பிரான்சு-பிரஷ்யப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர்ப் பிராக் நகரில் கற்பித்துவிட்டு, 1876இல் கீல் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியரானார்.

செல் பிரியும்போது அதன் உட்கருவுக்கு என்ன நேர்கிறது என்பது அன்று தெளிவாக விளங்கவில்லை. ஃபிளெமிங் சாலமாண்டரின் இளவுயிரிகளைத் தேர்ந்தார். அவற்றின் செல்கள் பெரியவை. சாயமேற்றினால் உட்கருவின் ஒரு பொருள் நிறத்தை ஈர்த்துப் பளிச்சிட்டது. அதற்குக் குரோமாட்டின் என்று பெயரிட்டார். ஆனால் சாயமேற்றிய செல் உயிரற்றது. ஒரு கணத்தில் உறைந்து நிற்பது. அத்தகைய பற்பல கணங்களை வரிசைப்படுத்தி, உயிருள்ள செல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். இழைகள் திரண்டு தடிக்கின்றன, நடுவில் அணிவகுக்கின்றன, நெடுக்குவாட்டில் பிளவுண்ட பாதிகள் இருபுறமும் விலகுகின்றன, இரு புதிய உட்கருக்கள் தோன்றுகின்றன. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில்கூட இத்தனை நேர்மையைக் காண்பதரிது! இதனை விளக்கும் நூலை 1882இல் வெளியிட்டார். மைட்டாசிஸ் என்ற சொல், இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அவர் ஆக்கியதே. குரோமோசோம் என்ற பெயரை வால்டையர் 1888இல்தான் சூட்டினார். நாம் ஒப்புவிக்கும் கட்டப் பெயர்களும் பிறர் பின்னர் இட்டவையே. பெயர்களுக்கு முன்பே ஃபிளெமிங் நிகழ்ச்சியைக் கண்டுவிட்டார்.

மெண்டலின் கட்டுரை 1866இலேயே அச்சாகியிருந்தும் இவர் அதனை அறியவில்லை. 1900இல் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின்னரே, மரபுப் பண்புகளைச் சுமப்பவை அவ்விழைகளே என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. வறியோர்பால் இரக்கம் மிக்கவரெனப் பெயர்பெற்ற இப்பெருமகனார், 1905 ஆகஸ்டு 4ஆம் நாள் கீல் நகரில் மறைந்தார்.

அடுத்த செய்முறை வகுப்பில் மறுபடியும் பொறுமையாகத் தேடினேன். ஒரு செல்லில் இழைகள் இருபுறமும் விலகி நின்றன. பழைய படத்தை அடித்துவிட்டு, கண்டதைக் கண்டவாறே வரைந்தேன். கோணலாகத்தான் வந்தது. நண்பர்களே, பெயர்களை ஒப்புவிக்குமுன் ஒருமுறை கண்ணாரக் காணுங்கள்!