பெயர் வைத்த பெரியவரும் எட்டுக்கால் பூச்சியும்

ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்தால் முதலில் ஓடுவது எட்டுக்கால் பூச்சி. அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அது வலை பின்னுவதைப் பற்றிய சட்டம் அல்ல. கடிப்பதைப் பற்றியதும் அல்ல. சிலந்தியின் பெயரைப் பற்றிய சட்டம். எந்த நாட்டில் சிலந்தி ஆராய்ச்சிச் சங்கம் கூடினாலும், அங்கே வருகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே எழுதுகிறார்கள்.

அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு பேருடைய புத்தகங்கள் குறிப்பிடப்படுகின்றன. ஒருவர் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி லின்னேயஸ். மற்றவர், ஸ்வீடன் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்த கிளெர்க். சிலந்தி விஷயத்தில் மட்டும் வரி இலாகாக்காரருக்குத்தான் முதல் மரியாதை. லின்னேயசுக்கு இரண்டாவது இடமே!

செடிக்கும் கொடிக்கும், மீனுக்கும் பறவைக்கும், மனிதனுக்கும்கூடப் பெயர் வைத்தவர் லின்னேயஸ். அவர் எப்படிப் பின்னால் போனார்? அவர் கதையைக் கேட்டால் தெரியும்.

பாதிரியார் மகன்

1707-ம் ஆண்டு மே மாதம் ஸ்வீடனின் தெற்கே ஒரு சிற்றூரில் லின்னேயஸ் பிறந்தார். முழுப் பெயர் கார்ல் லின்னேயஸ். தந்தை பாதிரியார்; ஏழை; தோட்டம் என்றால் உயிர். அந்தக் குடும்பத்துக்கு முதலில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை படிக்கப் போனபோது ஒரு பெயர் தேவைப்பட்டது. ஊரில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து 'லின்னேயஸ்' என்று வைத்துக்கொண்டார். பெயர் வைக்கும் பழக்கம் குடும்பத்திலேயே இருந்தது போலும்!

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பாடத்தை விட்டுவிட்டுப் பூப்பறிக்கப் போவான். மகன் பாதிரியாராக வரவேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. ஆனால் ஆசிரியர்கள் தந்தையைக் கூப்பிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். இவனுக்குப் படிப்பு வராது, தையல் வேலையோ செருப்பு வேலையோ கற்றுக்கொடுங்கள் என்று யோசனை சொன்னார்கள்.

அந்த ஊரில் ரோத்மன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். பையனிடம் இருந்த சரக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு மனிதர் இல்லாவிட்டால், லின்னேயஸ் யாரோ ஒரு தையற்காரராகவே காலம் கழித்திருப்பார்.

1728-ல் உப்சாலா சர்வகலாசாலைக்கு வைத்தியம் படிக்கப் போனார். கையில் காசு இல்லை. மற்ற மாணவர்கள் கழித்துப் போட்ட செருப்பை வாங்கி, ஓட்டையில் காகிதத்தை வைத்து அடைத்துப் போட்டுக்கொண்டார். அங்கேயும் ஒரு பெரியவர் கை கொடுத்தார். அவர் பெயர் ஓலாஃப் செல்சியஸ். தாவரவியல் தோட்டத்தில் இந்த ஏழை மாணவனைக் கண்டு பேசி, வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்தார்.

1732-ல் உப்சாலா விஞ்ஞானச் சங்கம் பணம் கொடுத்து அவரை லாப்லாந்துக்கு அனுப்பியது. வடக்கே கலைமான் மேய்ப்பவர்கள் வாழும் குளிர்ப் பிரதேசம் அது. மே மாதம் தனியாகக் கிளம்பியவர் அக்டோபரில்தான் திரும்பினார். சங்கம் என்று ஒன்று இருந்தால் ஏழைக்கும் வழி பிறக்கும் என்பதை அப்போதே கண்டுகொண்டார்.

மூன்று வருஷக் காத்திருப்பு

பாலுன் என்ற சுரங்க நகரத்தின் வைத்தியர் மகள் சாரா எலிசபெத்தை அவர் விரும்பினார். பெண்ணின் தந்தை மறுக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளைக்கு டாக்டர் பட்டமும் இல்லை, வருமானமும் இல்லையே!

1735-ல் லின்னேயஸ் ஹாலந்துக்குப் போனார். போன சில நாட்களிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். அதே ஆண்டில், இயற்கை முழுவதையும் வகைப்படுத்தி 'சிஸ்டமா நேச்சுரே' என்ற புத்தகத்தையும் அச்சிட்டார். புத்தகம் என்று பெயர்தான். பெரிய அளவில் சுமார் ஒரு டஜன் பக்கம். ஐரோப்பிய அறிஞர்கள் அசந்து போனார்கள்.

ஆனால் 1738-ல் ஸ்டாக்ஹோம் திரும்பியபோது அவரை யாரும் சீந்தவில்லை. புது டாக்டரிடம் நாயைக்கூட யாரும் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். 1739 ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது.

சீட்டுக் குலுக்கிப் பிடித்த தலைவர்

அதே ஜூன் மாதத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு, 2-ந் தேதி, ஆறு பேர் கூடி ஒரு விஞ்ஞானக் கழகம் தொடங்கினார்கள்.

அந்த ஆறு பேரையும் பாருங்கள். லின்னேயஸ் வைத்தியர். ட்ரீவால்ட் நீராவி யந்திரம் தெரிந்த எஞ்சினியர். ஆல்ஸ்ட்ரோமர் நெசவாலை முதலாளி; உருளைக்கிழங்குச் சாகுபடியைப் பரப்பியவர். மற்ற மூவர், பீல்கே, சீடர்யெல்ம், ஹோப்கென், பிரபு குடும்பத்தார். பிரபுவும் பாதிரியார் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் யார் தலைவர்? இங்கேதான் எத்தனையோ சங்கங்கள் உடைந்து போகின்றன.

அவர்கள் செய்த விதி சாமர்த்தியமானது. தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சீட்டு லின்னேயஸ் பெயருக்கு விழுந்தது. 32 வயதில் முதல் தலைவர் ஆனார்.

தலைவர் பதவி எத்தனை நாள்? மூன்றே மாதம்! அதற்குமேல் யாரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. நாற்காலியை விட்டு இறங்கும்போது சும்மா இறங்கவும் கூடாது. பயனுள்ள ஒரு விஷயத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். அது அச்சாகும். இந்த விதியை நம் ஊர்ச் சங்கங்கள் சில கடைப்பிடித்தாலும் நஷ்டம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். அந்தக் காலத்தில் படித்தவர்கள் லத்தீனில்தான் எழுதுவார்கள். இந்தக் கழகமோ தன் வெளியீடுகளை ஸ்வீடிஷ் பாஷையில் அச்சிட்டது. உழவனுக்கும் தொழிலாளிக்கும் புரியாத விஞ்ஞானம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? 1747-ல் நாட்டுப் பஞ்சாங்கம் அச்சிடும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் வாங்காமல் இருப்பார்களா? அந்த வருமானத்தில் விஞ்ஞானம் வளர்ந்தது. 1748-ல் எவா எக்கப்ளாட் என்ற பெண்மணியையும் உறுப்பினர் ஆக்கினார்கள். உருளைக்கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கும் வழியை அவர் கண்டுபிடித்திருந்தார். அவருக்கு அப்போது 24 வயது.

1901-ம் ஆண்டிலிருந்து பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் நோபல் பரிசுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கழகம்தான்.

பூச்சிகளைப் பற்றி ஒரு பேச்சு

மூன்று மாதம் முடிந்தது. 1739 அக்டோபரில், விதிப்படி லின்னேயஸ் பேச எழுந்தார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் பூச்சிகள்! பெரிய மனிதர்கள் முன்னால், காலில் மிதிபடும் பூச்சிகளின் அதிசயங்களைப் பேசினார்.

அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் லின்னேயஸ் பேசக் கேட்டவர்களில் கார்ல் கிளெர்க்கும் ஒருவர். லின்னேயசைவிட இரண்டு வயது இளையவர். அவரும் உப்சாலாவில் படிக்கப் போனவர்தான். கையில் பணம் இல்லாததால் படிப்பைப் பாதியில் விட்டு, சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்துவிட்டார். ரோத்மனும் செல்சியசும் அவருக்குக் கிடைக்கவில்லை.

லின்னேயஸ் பேச்சைக் கேட்டது முதல் அவருக்குப் பூச்சிப் பைத்தியம் பிடித்தது. அதிலும் யாரும் சீண்டாத சிலந்தியை எடுத்துக்கொண்டார். ஆபீஸ் வேலை போக மீந்த பொழுதில் தோட்டத்திலும் குளத்தங்கரையிலும் சிலந்தி பிடித்தார். சிலந்திக்கு எத்தனை கண், அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்தார். எது வலை கட்டுகிறது, எது ஓடிப் பிடிக்கிறது என்று குறித்துவைத்தார். தண்ணீருக்குள் காற்றுக் குமிழி வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் நீர்ச்சிலந்தியையும் அவர் விடவில்லை.

1757-ல் 'ஸ்வீடன் நாட்டுச் சிலந்திகள்' என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. அறுபதுக்கு மேற்பட்ட சிலந்திகள். ஒரு பக்கம் ஸ்வீடிஷ், பக்கத்திலேயே லத்தீன். கையால் வண்ணம் தீட்டிய படங்கள் வேறு.

இரண்டு சொல் பெயர்

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஒரு செடிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஒரு வாக்கியம் நீளம் இருக்கும். யாருக்கு நினைவிருக்கும்? லின்னேயஸ் அதை இரண்டே சொல்லாகச் சுருக்கினார். முதல் சொல் குலம், இரண்டாவது சொல் இனம். நம் மாமரத்துக்கு 1753-ல் அவர் வைத்த பெயர் 'மாஞ்சிபெரா இண்டிகா'. அந்த 'மாஞ்சி' வேறு ஒன்றும் அல்ல. நம்முடைய மாங்காய்தான் போர்த்துக்கீசியர் வாயில் 'மாங்கா' ஆகி, லத்தீனுக்குப் போனது!

1753-ல் செடிகளுக்கு இப்படிப் பெயர் வைத்தவர், 1758-ல் தம் 'சிஸ்டமா நேச்சுரே'யின் பத்தாம் பதிப்பில் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் வைத்தார். சிலந்தியையும் பூச்சிக் கூட்டத்திலேயே சேர்த்தார். நாமும் 'எட்டுக்கால் பூச்சி' என்றுதானே சொல்கிறோம்! பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. அது வேறு ஜாதி என்று பிற்பாடு பிரித்தார்கள். அந்தப் பதிப்பில் அவர் சொன்ன சிலந்திகள் ஏறக்குறைய நாற்பது.

ஆனால் அதற்கு முந்தின ஆண்டிலேயே கிளெர்க் அதே இரண்டு சொல் முறையில் சிலந்திகளுக்குப் பெயர் வைத்து முடித்துவிட்டார்! பிராணிகளுக்கு ஒழுங்காக இப்படிப் பெயர் வைத்த முதல் புத்தகம் கிளெர்க்குடையதுதான். குரு கண்டுபிடித்த ஆயுதத்தைச் சிஷ்யர் முன்னதாக எடுத்து வீசிவிட்டார்.

கிளெர்க் பிறகு வண்ணத்துப்பூச்சிப் படங்களைப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். 1765-ல் இறந்தார்.

ராஜ மரியாதை

லின்னேயசுக்கோ புகழுக்கு மேல் புகழ். 1741 முதல் உப்சாலாவில் பேராசிரியர். பிரபு பட்டமும் கிடைத்தது. அவருடைய சீடர்கள் திசைக்கு ஒருவராகக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் கோனிக். 1768-ல் நம் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, சோழமண்டலக் கரையின் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். கோனிக் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு லின்னேயசின் இன்னொரு சீடரான பப்ரீசியஸ் பெயர் வைத்தார்.

கடைசிக் காலம் நன்றாக இல்லை. 1774-ல் பக்கவாதம் தாக்கியது. பிறகு மறுபடியும் வந்தது. உலகத்துக்கே பெயர் வைத்த மனிதரின் நினைவு தடுமாறியது. 1778 ஜனவரி 10-ந் தேதி கண்ணை மூடினார். உப்சாலா மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

மகனும் 1783-ல் இறந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! சாரா, கணவர் ஆயுள் முழுவதும் சேர்த்த செடிகளையும் பூச்சிகளையும் புத்தகங்களையும் விற்றார். வாங்கியவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கில இளைஞர். பொக்கிஷம் 1784-ல் லண்டன் போய்ச் சேர்ந்தது. 1788-ல் அங்கே லின்னேயன் சங்கம் பிறந்தது. ஆனால் அந்தச் சங்கத்துக்குள் பெண்கள் நுழைய 1905-ம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனையையும் விற்றுக் கொடுத்தவர் ஒரு பெண் என்பதை ஏனோ மறந்துவிட்டார்கள்!

சட்டம் கொடுத்த தீர்ப்பு

ஒரே பிராணிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தால் குழப்பம்தானே? 1895-ல் விலங்கியல் அறிஞர்கள் சர்வதேசக் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். யார் முதலில் பெயர் வைத்தாரோ அவர் வைத்ததே செல்லும் என்பது அடிப்படை விதி. ஆனால் எங்கிருந்து எண்ணுவது? லின்னேயசின் பத்தாம் பதிப்பு வெளிவந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து, அதாவது 1758 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து என்று வைத்தார்கள். அதற்கு முந்தின பெயர் எதுவும் செல்லாது.

அப்படியானால் 1757-ல் வந்த கிளெர்க்கின் புத்தகம் செல்லாக் காசுதான். சிலந்தி அறிஞர்கள் இதை எப்படி ஒப்புவார்கள்? லின்னேயஸ் சிலந்திக்குச் சில வரிகளே கொடுத்தார். கிளெர்க்கோ படம் போட்டு, கண்ணை எண்ணி எழுதியவர்.

முடிவில் சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு எழுதினார்கள். கிளெர்க்கின் புத்தகமும் 1758 ஜனவரி 1-ந் தேதி வெளிவந்ததாகவே கருதப்படும். கிளெர்க் வைத்த பெயரும் லின்னேயஸ் வைத்த பெயரும் மோதினால் கிளெர்க்கே ஜெயிப்பார்! 1757-ல் வந்த புத்தகம் 1758-ல் வந்ததாகப் பாவனை. சட்டம் என்றால் இப்படியும் சில வேடிக்கை உண்டு.

முதுகில் வெள்ளைச் சிலுவை போட்ட தோட்டத்துச் சிலந்தி ஒன்று ஐரோப்பாவில் சர்வ சாதாரணம். லின்னேயஸ் அதற்கு 'அரேனியா டயடெமா' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. கிளெர்க் வைத்த 'அரேனியஸ் டயடெமேட்டஸ்' என்பதே அதன் பெயர்.

சிலந்தி அறிஞர்களின் சர்வதேசச் சங்கம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாநாடு கூட்டுகிறது. உலகத்துச் சிலந்திகளின் பட்டியலை ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகரக் காட்சிசாலை வைத்திருக்கிறது. 2022-ம் ஆண்டில் அதில் 50 ஆயிரமாவது இனம் ஏறியது. அந்த நீண்ட பட்டியலில் மிகப் பழைய பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு: கிளெர்க், 1757.