அசோகரின் மடைப்பள்ளி

சந்திரகுப்த மௌரியரின் பேரரும் பிந்துசாரரின் மைந்தருமாகிய அசோகர், ஏறத்தாழக் கி.மு. 268 முதல் 232 வரை பாடலிபுத்திரத்தில் அரசு வீற்றிருந்தார். முடிசூடிய எட்டாம் ஆண்டில் அவர் நடத்திய கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டனர். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர். அத்துயரமே மன்னரைத் தரும நெறியில் செலுத்திற்று. போர்க்களத்தை வெறுத்த அவர் தம் மடைப்பள்ளியையும் திருத்தியமைத்தார் என்பதை ஈண்டு நாம் சிந்திப்போம்.

கிர்நார் முதலிய இடங்களில் பொறிக்கப்பெற்ற முதற் பாறைச் சாசனம் அதனைக் கூறுகிறது. முன்னர் அரண்மனை உணவுக்காக நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. சாசனம் எழுதிய காலத்தில் அவை இரண்டு மயில், ஒரு மான் என்னும் அளவிற்குக் குறைந்தன. மானும் என்றும் கொல்லப்படவில்லை. இம்மூன்றும் இனி நிறுத்தப்படும் என்று மன்னர் உறுதி கூறினார். எஞ்சிய குறையை அவர் மறைக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

உயிர் காக்கும் இக்கருத்து மடைப்பள்ளியோடு நிற்கவில்லை. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்தார். மூலிகையும் கிழங்கும் கனியும் இல்லாத இடங்களுக்கு அவற்றைத் தருவித்துப் பயிரிடச் செய்தார், சாலையோரம் மரங்கள் நட்டார், கிணறுகள் தோண்டினார். சோழ, பாண்டிய, சேர நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் இம்மருத்துவ அறத்தின் எல்லைக்குள் குறிக்கப்பட்டன. முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் கிளி, மைனா, வௌவால், ஆமை முதலியவற்றைக் கொல்லலாகாது என ஆணையிட்டார். வீணே காடுகளை எரிப்பதையும் தடுத்தார்.

உணவும் உடல்நலமும் காடும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இன்றைய அறிவியலும் காட்டுகிறது. உலக வேளாண் நிலத்தின் பெரும்பகுதி கால்நடை மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் செலவாகிறது. எனினும் மாந்தர் பெறும் உணவாற்றலில் பெரும்பங்கு பயிர்களிலிருந்தே கிடைக்கிறது. மேய்ச்சலுக்காகக் காடழிதல் பிரேசில் நாட்டில் கண்கூடு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. பருப்பும் கீரையும் கனியும் முழுத்தானியமும் மிகுந்த உணவு இதய நோயையும் நீரிழிவையும் தணிக்க வல்லது.

டில்லியில் இன்று நிற்கும் தோப்ராத் தூணில் அசோகர் ஓர் அனுபவ உண்மையைப் பொறித்துள்ளார். தருமம் வளர்வது சட்டத்தாலும் மனமாற்றத்தாலும். இவற்றுள் மனமாற்றமே மிகுதியும் பயன் தந்தது என்பது அதன் கருத்து. பிறரைத் திருத்த முற்படுமுன் அப்பேரரசர் தம் உணவைத் திருத்தத் தொடங்கினார். நாமும் நம் இல்லத்து அடுக்களையிலிருந்து தொடங்குதல் தகும். ஒரே நாளில் முற்றுப்பெறாவிடினும், நாள்தோறும் குறைத்து வருதலும் நன்றே.