விதை காத்த வித்தகர் வாவிலோவ்

நுழையும்முன்

நாம் நாள்தோறும் உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது? கடையிலிருந்து என்போம். சற்றே எண்ணிப் பார்த்தால் வயலிலிருந்து என்போம். அந்த வயலுக்கு அந்தப் பயிர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் ஒருவர் இருந்தார். விடை தேடி ஐந்து கண்டங்களிலும் பயணம் செய்த அவ்வறிஞரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

சமையலறைக்குள் ஓர் உலகம்

அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது. அதில் இட்ட கத்தரிக்காயும் துவரம்பருப்பும் இந்திய மண்ணில் தோன்றியவை. மிளகாயோ மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் மூதாதைச் செடிகள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வளர்ந்தவை. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே இவை கடல் கடந்து உலகெங்கும் பரவின. போர்த்துக்கீசியர் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன்னர்த் தமிழர் உணவுக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காயும் மிளகைப் போன்றே உறைத்ததால் அது மிளகாய் எனப் பெயர் பெற்றது. வேர்க்கடலையின் தாயகமும் தென்னமெரிக்காவே. ஆயினும் தமிழகத்தின் சில பகுதிகளில் அதனை மணிலாக்கொட்டை என்பர். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரப் பெயர் நம் கடலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வாறு பயிர்களும் மனிதரைப் போலவே பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டு, சென்ற ஊரில் வேரூன்றி, அவ்வூர் உணவாகவே மாறிவிடுகின்றன. ஒவ்வொரு பயிருக்கும் பிறந்த ஊர் எது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் இரசிய நாட்டு அறிஞர் நிகொலாய் இவானோவிச் வாவிலோவ்.

பசியறிந்த குடும்பம்

வாவிலோவ் 1887ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். அவர்தம் தந்தை எளிய உழவர் குடும்பத்திலிருந்து நகருக்கு வந்து, துணி வணிகத்தில் உழைத்து உயர்ந்தவர். எனவே வாவிலோவின் இல்லத்தில் உணவுக்குக் குறைவில்லை. ஆனால் நாட்டின் நிலை வேறாக இருந்தது. அவருக்கு நான்கு வயது நிரம்பும் காலத்தில், 1891ஆம் ஆண்டில், இரசியாவில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சம் என்பது அந்நாட்டு உழவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் வந்துபோகும் துயரமாகவே இருந்தது.

தம்பி செர்கேய் இயற்பியலை விரும்பிக் கற்றுப் பின்னாளில் பேரறிஞரானார். அண்ணன் நிகொலாயோ உழவியலைத் தேர்ந்தெடுத்தார். மாஸ்கோவின் வேளாண் கல்லூரியில் பயின்றபின் இங்கிலாந்துக்குச் சென்று, மரபியல் அறிஞர் வில்லியம் பேட்சனிடம் ஆய்வுமுறைகளைக் கற்றார். நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றல் சில பயிர்களுக்கு மட்டும் வாய்ப்பது ஏன் என்பதே அவர் உள்ளத்தில் முதலில் எழுந்த வினா.

களை கற்பித்த பாடம்

1916ஆம் ஆண்டு, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பாரசீகத்தில் இருந்த இரசியப் படைவீரர்கள் அங்குக் கிடைத்த ரொட்டியை உண்டு மயங்கி விழுந்தனர். காரணம் அறிய வாவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமையோடு கலந்து வளர்ந்த நச்சுக்களை ஒன்றின் விதைகளும் மாவில் சேர்ந்து அரைபட்டதை அவர் கண்டறிந்தார்.

அப்பணி முடிந்ததும் அவர் பாமீர் மலைத்தொடரை நோக்கிப் பயணமானார். மலையடிவாரத்து வயல்களில் கோதுமை மிகுந்திருந்தது. அதனிடையே ரை என்னும் தானியம் களையாக முளைத்திருந்தது. மேலே ஏற ஏறக் குளிர் மிகுந்தது, கோதுமை குறைந்தது, ரை பெருகியது. உச்சி ஊர்களில் ரையே பயிராக நின்றது. தாழ்நிலத்தில் களையெனப் பிடுங்கி எறியப்பட்ட ஒன்று, குளிர்நிலத்தில் மக்களைக் காக்கும் உணவாகியிருந்தது. எந்தச் செடியையும் பயனற்றது என்று தள்ளிவிடலாகாது என்னும் பாடத்தை அம்மலை அவருக்குக் கற்பித்தது.

பிறந்த ஊரைத் தேடி

1921ஆம் ஆண்டில் பெத்ரோகிராடு நகரிலிருந்த தாவர ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்க வாவிலோவ் சென்றார். அந்நகரமே பின்னர் லெனின்கிராடு எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவ்வாண்டிலேயே வோல்கா ஆற்றங்கரைப் பகுதிகளை மற்றொரு கொடும்பஞ்சம் தாக்கியது. ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் உயிரிழந்தனர். வறட்சியைத் தாங்கும் கோதுமை, குளிரைத் தாங்கும் பார்லி, நோயைத் தாங்கும் கிழங்கு ஆகியன கிடைத்தால் இத்தகைய கொடுமையைத் தவிர்க்கலாம் என அவர் கருதினார். அவை எங்கோ ஒரு மலைச்சரிவில் ஏதோ ஓர் ஏழை உழவரின் வயலில் ஏற்கனவே வளர்ந்துகொண்டிருக்கலாம். அவற்றைத் தேடிச் சேர்ப்பதே தம் கடமை எனக் கொண்டார்.

1924ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தின் கரடுமுரடான மலைப்பாதைகளில் குதிரைமீது சென்றார். பின்னர் மத்தியதரைக் கடல் நாடுகள், எத்தியோப்பியா, மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா, மெக்சிகோ, தென்னமெரிக்க நாடுகள் என அவர் பயணம் நீண்டது. செல்லும் இடங்களிலெல்லாம் களத்துமேடுகளிலும் சந்தைகளிலும் நின்று உழவர்களுடன் உரையாடினார். கதிர்களைக் கொய்து, விதைகளைப் பொட்டலமாகக் கட்டி, ஊரும் நாளும் குறித்து அனுப்பினார். பல மொழிகளைக் கற்றிருந்தமை அவருக்குத் துணை செய்தது. அவர் உறங்கிய நேரம் மிகக் குறைவு.

ஒரு பயிரின் வகைகள் எங்கு மிகுதியாகக் காணப்படுகின்றனவோ, அங்கேதான் அப்பயிர் நெடுங்காலமாக வாழ்ந்திருக்க வேண்டும். எனவே அதுவே அதன் தாயகமாக இருக்கக்கூடும் என்பது அவர் கண்ட நெறி. 1926ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் இக்கருத்தை உலகுக்கு உணர்த்தியது. கசகஸ்தானத்தின் அல்மா ஆத்தா நகரையொட்டிய மலைச்சரிவுகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் அடர்ந்திருப்பதைக் கண்டு, ஆப்பிளின் பிறப்பிடம் அதுவே என்றார். பிற்கால மரபணு ஆய்வுகள் அவர் கூற்றை உறுதி செய்தன. இந்தியாவையும் பயிர்களின் தாயகங்களுள் ஒன்றாக அவர் வகுத்தார். கத்தரி, வெள்ளரி, மா, உளுந்து, மிளகு முதலியன அவர் பட்டியலில் இந்தியப் பயிர்களாக இடம்பெற்றன. அவர் வரைந்த எல்லைகளுள் சிலவற்றைப் பின்வந்தோர் திருத்தியுள்ளனர். அடிப்படைக் கருத்தோ இன்றும் நிலைத்துள்ளது.

வகைகள் ஏன் வேண்டும்?

ஒரே வகைப் பயிரை நம்பியிருப்பதன் ஆபத்துக்கு அயர்லாந்து நாடு சான்றாகும். அங்கு ஏழை மக்கள் உருளைக்கிழங்கை மட்டுமே உண்டு வாழ்ந்தனர். அதிலும் பெரும்பாலும் ஒரே வகையையே பயிரிட்டனர். 1845ஆம் ஆண்டில் கருகல் நோய் பரவியபோது, அதனைத் தாங்கும் ஆற்றல் அவ்வகைக்கு இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மடிந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். பல வகைகள் பயிரிடப்பட்டிருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று காத்திருக்கும். வாவிலோவ் விதைகளைச் சேர்த்ததன் காரணம் இதுவே. 1940ஆம் ஆண்டளவில் அவருடைய நிறுவனத்தில் ஏறத்தாழ 2,50,000 மாதிரிகள் சேர்ந்திருந்தன. உலகில் அன்று அதற்கு இணையான விதைக் களஞ்சியம் வேறில்லை.

உண்மைக்குக் கிடைத்த தண்டனை

விதைகள் கையில் இருந்தும் காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஒரு வகையை மற்றொன்றோடு கலந்து, பல பருவங்கள் விதைத்துப் பார்த்து, நல்ல வகையை உருவாக்கப் பத்தாண்டுகளேனும் ஆகும் என்பதை அவர் மறைக்கவில்லை. நாட்டை ஆண்ட ஸ்டாலினுக்கோ விரைவான விளைச்சல் தேவைப்பட்டது. அந்நிலையில் லைசென்கோ என்பவர், விதைகளைக் குளிரில் வைத்துப் பழக்கினாலே பயிரின் இயல்பை மாற்றிவிடலாம் என்றும், சில ஆண்டுகளிலேயே பயன் கிட்டும் என்றும் உறுதி கூறினார். மரபணு என்னும் கருத்தையே அவர் பொய் என்றார். அவர் கூற்றுக்குத் தக்க சான்றுகள் இல்லை. ஆயினும் அரசின் ஆதரவு அவருக்கே கிடைத்தது.

இணங்கிப் போயிருந்தால் வாவிலோவ் தம் பதவியையும் உயிரையும் காத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தாம் வயலில் கண்ட உண்மையை மறுக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1939ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மரபியல் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், உக்ரைன் பகுதியில் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். நாட்டின் வேளாண்மையைக் கெடுத்தவர் எனப் பொய்க்குற்றம் சாட்டி மரண தண்டனை விதித்தனர். பின்னர் அது 20 ஆண்டுச் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சிறையில் அடைபட்டிருந்தபோதும், உலக வேளாண்மையின் வரலாற்றை எழுதினார். சராத்தோவ் நகரச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறிவியல் பாடம் நடத்தினார். அவர் எழுதிய அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை.

போதிய உணவின்றி உடல் மெலிந்து, 1943ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் வாவிலோவ் சிறையிலேயே உயிர்நீத்தார். போரினால் இடம்பெயர்ந்த அவர் மனைவியும் மகனும் அதே சராத்தோவ் நகரில்தான் வாழ்ந்தனர். அவர் தமக்கு அருகிலேயே இருப்பதை அவர்கள் அறியவில்லை. உலகின் பசியைத் தீர்க்க விதை தேடியவர் பசியாலேயே மறைந்தார்.

விதைகளைக் காத்த தோழர்கள்

அவர் சிறையிலிருந்த காலத்தில் லெனின்கிராடு நகரை செர்மானியப் படைகள் முற்றுகையிட்டன. 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கிய முற்றுகை 872 நாள்கள் நீடித்தது. அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் பல முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. விதைகளின் பெரும்பகுதியோ நகரிலேயே இருந்தது. முதல் குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி மட்டுமே.

நிறுவனத்தின் ஊழியர்கள் உறைபனிக் குளிரில், விளக்கில்லாத அறைகளில், எலிகளிடமிருந்தும் திருடர்களிடமிருந்தும் விதைகளைக் காத்தனர். அவர்களைச் சுற்றி நெல்லும் கோதுமையும் பட்டாணியும் மூட்டை மூட்டையாக இருந்தன. ஒரு கைப்பிடி எடுத்து வேகவைத்திருந்தால் ஓருயிர் சில நாள்கள் கூடுதலாக வாழ்ந்திருக்கும். அவர்களோ எடுக்கவில்லை. வேர்க்கடலையைக் காத்த ஷூக்கின் தம் மேசையிலேயே உயிர்துறந்தார். ஆயிரக்கணக்கான நெற்பொட்டலங்களின் நடுவே நெல்லைக் காத்த இவானோவ் பட்டினியால் மாண்டார். இன்னும் பலரும் அவ்வாறே மடிந்தனர்.

தமிழகத்து உழவர்கள் விதைநெல்லை வைக்கோற்புரியால் சுற்றிக் கோட்டையாகக் கட்டிவைப்பர். வீட்டில் உலை ஏறாத நாளிலும் அக்கோட்டையை அவிழ்க்க அவர்கள் மனம் துணிவதில்லை. இன்றைய பசிக்கு விதையை உண்டால் நாளைக்கு வயல் இல்லை என்பதை உழுதவர் அறிவர். அந்த அறிவே லெனின்கிராடு நகரின் இருண்ட அறைகளிலும் விழித்திருந்தது.

இன்றும் முளைக்கும் விதைகள்

1955ஆம் ஆண்டில் வாவிலோவ் குற்றமற்றவர் எனச் சோவியத் அரசு அறிவித்தது. அவர் வளர்த்த நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் சேர்த்த விதைகளிலிருந்து பல புதிய பயிர்வகைகள் உருவாயின.

இன்று உலகின் உணவுமுறை பெரிதும் மாறிவிட்டது. ஒரு நாட்டில் விளைவதை மற்றொரு நாட்டார் அடுத்த வாரமே உண்கின்றனர். நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய மூன்று தானியங்களே உலக மக்களின் உணவில் பெரும்பங்கு வகிக்கின்றன. மிகுதியாக விளையும் சில வகைகள் எங்கும் பரவிப் பலரின் பசியைத் தீர்த்தன. அதே வேளையில் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பழைய வகைகள் பல வயல்களிலிருந்து மறைந்தன. புதிய நோயோ வறட்சியோ வரும்போது அப்பழைய விதைகளிடமே அறிஞர்கள் மீண்டும் செல்ல வேண்டியுள்ளது. அதனாலேயே பல நாடுகள் விதைக் களஞ்சியங்களை அமைத்துள்ளன. நம் நாட்டின் தேசிய மரபணு வங்கி புதுதில்லியில் இயங்குகிறது. நார்வே நாட்டின் பனிமலைக்குள் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விதைக் காப்பகத்தில் உலக நாடுகளின் விதைகள் பாதுகாக்கப்படுகின்றன.

வாவிலோவுக்குச் சிறையில் ஒரு பிடி சோறு கிடைக்கவில்லை. அவர் சேர்த்த விதைகளோ இன்றும் எத்தனையோ வயல்களில் முளைத்து, எத்தனையோ வீடுகளில் உணவாகின்றன.

சிந்தித்து எழுதுக

1. பாமீர் மலைப்பயணத்தில் வாவிலோவ் அறிந்த உண்மை யாது?
2. ஒரு பயிரின் தாயகத்தை அவர் எவ்வாறு கண்டறிந்தார்?
3. அயர்லாந்துப் பஞ்சம் நமக்கு உணர்த்தும் பாடம் என்ன?
4. பசியால் வாடியும் ஊழியர்கள் விதைகளை உண்ணாதது சரியா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. உம் வீட்டுச் சமையலறையிலுள்ள ஐந்து பொருள்களின் தாயகத்தைப் பெரியோரிடமும் நூல்களிலும் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றை உம் சொந்த ஊரிலும் இப்போது வாழும் ஊரிலும் எவ்வாறு அழைப்பர் என்பதையும் எழுதுக.