சமையலறைக்கு ஒழுங்கு தந்தவர்

உணவகத்தில் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் ஐந்து பேர் ஐந்து வகை உணவுகளைக் கேட்கின்றனர். சற்று நேரத்தில் ஐந்தும் சூடு ஆறாமல் ஒன்றாக வந்து சேர்கின்றன. இதற்குச் சமையலறையில் பலர் இணைந்து செயல்பட வேண்டும். அந்தக் கூட்டுழைப்புக்கு முறையான வடிவம் தந்தவர் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே.

இவர் 1846ஆம் ஆண்டு, நீஸ் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை ஒரு கொல்லர். சிற்பியாக வேண்டும் என்பதே எஸ்கோஃபியேவின் இளமைக் கனவு. ஆனால், பதின்மூன்றாம் வயதிலேயே உறவினர் ஒருவரின் உணவகத்தில் வேலை பழக அனுப்பப்பட்டார்.

அக்காலச் சமையலறைகளில் அனல், புகை, கூச்சல் ஆகியவை நிறைந்திருந்தன. வெப்பம் தாங்காமல் பணியாளர்கள் மது அருந்தினர். பழகுநர்களுக்கு வசையும் அடியும் கிடைத்தன. எஸ்கோஃபியேவும் அவற்றுக்குத் தப்பவில்லை. இருப்பினும், தொழிலை விடாமல் கற்றுத் தேர்ந்தார்.

1890ஆம் ஆண்டு இலண்டன் சவாய் தங்குவிடுதியின் சமையலறைக்குத் தலைமை ஏற்றார். அங்குத் தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படக்கூடாது என்று உறுதி பூண்டார். மதுவைத் தடைசெய்து, அதற்கு மாற்றாகப் பார்லி பானம் வழங்கினார். தகாத சொற்களுக்கும் இடமளிக்கவில்லை. தமக்குச் சினம் எழுந்தால், அது தணியும்வரை சமையலறையைவிட்டு வெளியே சென்றுவிடுவார்.

வேலைகளையும் பிரித்து அமைத்தார். சாஸ், மீன், காய்கறி, வறுத்த இறைச்சி, இனிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவும் பொறுப்பாளரும் இருந்தனர். ஓர் உணவின் பகுதிகள் வெவ்வேறு பிரிவுகளில் ஒரே நேரத்தில் தயாராயின. இதனால், காத்திருக்கும் நேரம் குறைந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்பதும் தெளிவாயிற்று.

எனினும், அவர் வாழ்விலும் ஒரு கறை படிந்தது. 1898ஆம் ஆண்டு அவர் சவாயிலிருந்து நீக்கப்பட்டார். பொருள் வழங்கும் வணிகர்களிடம் தரகுப் பணம் பெற்றதைப் பின்னர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். பிறருக்கு ஒழுங்கு கற்பித்தவரே தம் பொறுப்பில் தவறியது வருந்தத்தக்கது.

அந்த வீழ்ச்சியோடு அவர் உழைப்பு நின்றுவிடவில்லை. 1899ஆம் ஆண்டு கார்ல்டன் தங்குவிடுதியில் மீண்டும் சமையலறைப் பொறுப்பேற்றார். 1903ஆம் ஆண்டு, 5,000க்கும் மேற்பட்ட சமையல் குறிப்புகள் அடங்கிய நூலை வெளியிட்டார். 1910ஆம் ஆண்டு வறுமை ஒழிப்புக்கான திட்டம் ஒன்றையும் எழுதினார். பிரான்சு அரசு அவருக்கு உயரிய விருதளித்துச் சிறப்பித்தது. 1935ஆம் ஆண்டு, தம் 88ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் வகுத்த முறையை இன்றும் உலகின் பல சமையலறைகள் பின்பற்றுகின்றன. சிறிய உணவகம் நடத்துபவருக்கும் அவர் வாழ்க்கை பாடமாகும். வேலையைத் தெளிவாகப் பகிர்ந்தளிப்பதும், உடன் உழைப்பவரை மதிப்பதும் தலைவரின் கடமைகள். பிறர் பார்க்காத இடத்திலும் கணக்கில் நேர்மை காப்பது அவற்றினும் கடினமான கடமை.