லூயிஜி கல்வானி

கண் காண்பதும் செவி கேட்பதும் மூளையைச் சென்றடைவது எங்ஙனம்? நரம்பின் வழியே செல்லும் நுண்ணிய மின் துடிப்புக்களாக என்று இன்று விஞ்ஞான மாணவர் எவரும் விடை கூறுவர். இவ்வறிவுக்கு வித்திட்டவரோ அது தழைத்தோங்கியதைக் காணாமலே கண்மூடினார். அவரே லூயிஜி கல்வானி.

இத்தாலியிலுள்ள பொலோஞா நகரிலே 1737ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் இவர் பிறந்தார். இளமையிலே துறவு பூண விரும்பினார். எனினும் மருத்துவம் பயின்று 1759இல் பட்டம் பெற்றார். 1762இல் தம் ஆசிரியரின் மகளாகிய லூசியாவை மணந்தார். கணவரின் ஆராய்ச்சிகளில் அவ்வம்மையார் உற்ற துணையாக விளங்கினார்.

பொலோஞாச் சர்வகலாசாலையில் உடற்கூற்றியல் கற்பித்த கல்வானி, 1780ஆம் ஆண்டளவில் தவளைகளைக் கொண்டு ஆராயத் தொடங்கினார். ஒருநாள், உராய்வினால் மின்னைப் பிறப்பிக்கும் பொறியில் தீப்பொறி எழுந்தது. அதே கணத்தில் உதவியாளரின் கத்தி முனை, அறுத்து வைத்திருந்த தவளையின் நரம்பைத் தொட்டது. செத்த தவளையின் கால் துடித்தது! பிறிதொரு நாள், பித்தளைக் கொளுக்கியில் மாட்டிய தவளைக் கால்கள் இரும்புக் கம்பியிற் பட்டபோது, பொறி எதுவுமின்றியே துடித்தன. உயிர்களின் உடலிலேயே மின் உண்டு என்று துணிந்த கல்வானி, தம் முடிபை 1791இல் இலத்தீன் மொழியில் வெளியிட்டார். அதைக் காண லூசியா இருக்கவில்லை. அவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்.

பாவியா நகரத்துப் பேராசிரியர் வோல்ற்றா இம்முடிபை மறுத்தார். மின் பிறந்தது தவளையிலன்று, இருவேறு உலோகங்கள் தொட்டமையாலே என்பது அவர் வாதம். கல்வானி வசைமொழி கூறினாரல்லர். மீண்டும் சோதனையையே நாடினார். உலோகமே இன்றி, நரம்பைத் தசையின்மேற் படச் செய்தும் கால் துடிப்பதை 1794இல் தம் பெயரிடாத நூலொன்றிலே காட்டினார்.

நெப்போலியனின் படைபலத்தால் 1797இல் அமைந்த புதிய குடியரசு, ஆசிரியர்கள் தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டுமென விதித்தது. அது தம் மனச்சாட்சிக்கும் சமய நம்பிக்கைக்கும் மாறானதென்று கல்வானி மறுத்தார். பதவி போயிற்று, ஊதியமும் போயிற்று. அவர் புகழை எண்ணி அரசு பின்னர் இணங்கியபோதும், பதவியை மீண்டும் ஏற்குமுன் 1798 டிசெம்பர் 4ஆம் நாள் உயிர்நீத்தார்.

1800இல் வோல்ற்றா மின்கல அடுக்கை அமைத்து உலகப் புகழ் பெற்றார். கல்வானி தோற்றார் என்றே பலரும் எண்ணினர். ஆனால் உண்மை இருவரிடத்தும் இருந்தது. உலோகங்களைப் பற்றி வோல்ற்றா கூறியது சரி. உயிருடலைப் பற்றிக் கல்வானி கூறியதும் சரி. 1952இல் ஹொட்ச்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், நரம்புச் சவ்வினூடாகச் சோடியம், பொற்றாசியம் அயன்கள் பாய்வதால் மின் துடிப்பு எழுவதைக் கணித முறையில் விளக்கினர். இன்று மருத்துவமனையில் இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் கருவியும் கல்வானியின் வழி வந்ததே.

நண்பர்களே, பதவி பறிபோகலாம். வாதம் தோற்றதுபோலத் தோன்றலாம். பொறுமையோடு தேடிய உண்மை மட்டும் ஒருநாளும் தோற்பதில்லை.