மாட்டர்ஹார்ன் கண்ட விம்பர்

சுவிட்சர்லாந்து மலைவளம் மிக்க நாடு. அந்நாட்டின் தென்னெல்லையில், இத்தாலியை ஒட்டி, மாட்டர்ஹார்ன் என்னும் சிகரம் தன்னந்தனியே நிற்கின்றது. சீவி நிறுத்திய கூம்பு போன்ற தோற்றம் உடையது அது. அதன் உயரம் 4,478 மீட்டர். அதன் அடிவாரத்து ஊராகிய செர்மாட்டிற்கு இன்று பல நாட்டினரும் ஆண்டுதோறும் வந்து குவிகின்றனர். பாறையேறுவோர், பனிச்சறுக்கு ஆடுவோர், பனியாற்றின்மீது நடந்து பார்ப்போர் எனப் பலதிறத்தார் அவருள் உண்டு. மலை காண வருவாரை நம்பியே அவ்வூர் வாழ்கின்றது எனின் மிகையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலோ நிலை வேறாக இருந்தது. அண்டை மலைகள் பலவற்றில் மனிதர் அடி பதிந்துவிட்ட பின்னரும், மாட்டர்ஹார்ன் எவர்க்கும் வசப்படவில்லை. அதன் உச்சியில் பேய்கள் உறைகின்றன என்று பள்ளத்தாக்கு மக்கள் நம்பினர். அச்சிகரத்தை முதன்முதல் கண்டவர் எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேயர். வெற்றியும் துயரமும் அவருக்கு ஒரே பகற்பொழுதில் வந்து சேர்ந்தன.

விம்பர் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். பதினொரு மக்களுள் அவர் இரண்டாமவர். தந்தையார் மரச்செதுக்கு ஓவியக் கலைஞர். நிழற்படங்களை நூல்களில் அச்சிடும் முறை பரவாத காலம் அது. ஆதலின் படங்களை மரக்கட்டையில் நுணுக்கமாகச் செதுக்கி, மை தடவி அச்சிடுவர். இளைஞராகிய விம்பர் அத்தொழிலையே கற்றார். வடதுருவப் பகுதிகளை ஆராயச் செல்ல வேண்டும் என்பதே அவர் இளமைக் கனவு. அதுகாறும் அவர் ஒரு மலையையும் ஏறியவரல்லர். 1860ஆம் ஆண்டில் இலண்டன் பதிப்பாளர் ஒருவர், ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்து வருமாறு அவரை அனுப்பினார். வரையச் சென்றவர் மலையின்பால் மனத்தைப் பறிகொடுத்தார்.

1861 முதல் 1865 ஜூன் வரை அவர் மாட்டர்ஹார்னை ஏழு முறை முயன்று தோற்றார். பெரும்பாலும் இத்தாலிப் பக்கத்துப் பிரெயில் என்னும் சிற்றூரிலிருந்தே புறப்பட்டார். அங்கே கரேல் என்னும் வழிகாட்டி இருந்தார். வேட்டையாடுவதில் வல்லவர், போர்வீரராகவும் பணி புரிந்தவர். தம் நாட்டு மலையைத் தம் நாட்டவரே முதலில் ஏற வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு மிகுதி. எனவே விம்பருக்கு அவர் ஒரு நாள் துணைவர், மறுநாள் போட்டியாளர். அவ்வூரில் லூக் மெய்னே என்னும் கூனரும் இருந்தார். உடற்குறையைப் பொருட்படுத்தாமல் விம்பரின் கூடாரத்தைத் தோளில் சுமந்து பாறைகளில் உடன் ஏறிய உழைப்பாளி அவர். அக்கூடாரமோ விம்பரே வடிவமைத்தது. அதன் அமைப்பைப் பிற்கால மலையேறிகள் நெடுங்காலம் பின்பற்றினர்.

1862ஆம் ஆண்டு ஜூலையில் விம்பர் தனியே ஏறி, இறங்கும்போது கால் வழுக்கி ஏறத்தாழ 60 மீட்டர் உருண்டார். பாதாளத்தின் விளிம்பில் உடல் தடைப்பட்டு நின்றது. தலைக் காயங்களில் பனிக்கட்டியை வைத்து அழுத்திக் குருதியை நிறுத்தினார். சிறிது மேலேறிப் பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் உணர்விழந்தார். சில நாள்கள் கழிந்ததும் மீண்டும் அதே மலையில் ஏறலானார்! இதனைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா? இரண்டும் கலந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

1865 ஜூலையில் கரேல் இத்தாலியக் குழுவினரோடு மலையேற ஒப்பியிருந்ததை விம்பர் அறிந்தார். ஏமாற்றம் அவரை விரைவுபடுத்தியது. பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு என்னும் பதினெட்டு வயது இளைஞருடன் கணவாயைக் கடந்து செர்மாட்டிற்கு விரைந்தார். அங்கே ஹட்சன் என்னும் பாதிரியார் அதே சிகரத்தை நாடி வந்திருந்தார். அவருடன் ஹாடோ என்னும் பத்தொன்பது வயது இளைஞரும், பிரான்சு நாட்டுச் சாமொனிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மிஷேல் குரோ என்னும் தலைசிறந்த வழிகாட்டியும் இருந்தனர். இரு குழுவும் ஒன்றாயின. உள்ளூர் வழிகாட்டியாகிய முதியவர் பீட்டர் தாக்வால்டரும் அவர் மகனும் சேர, எழுவர் ஆயினர். ஹாடோவுக்கு மலைப்பழக்கம் குறைவு. அவர் தகுதியை விம்பர் வினவியபோது, ஹட்சன் நற்சான்று கூறினார். வினா அவ்வளவில் நின்றது.

ஜூலை 13 காலையில் புறப்பட்டு, அன்றிரவு மலைமேல் தங்கினர். மறுநாள் பிற்பகல் 1.40 மணிக்கு உச்சியை அடைந்தனர். விம்பரும் குரோவும் முன்னால் ஓடி ஒருங்கே கால் வைத்தனர். எட்டிப் பார்த்தபோது, இத்தாலிப் பக்கத்தில் மிகக் கீழே கரேல் குழுவினர் புள்ளிகளாய்த் தோன்றினர். இவர்கள் கூவியும் கல்லை உருட்டியும் தம் இருப்பை அறிவித்தனர். அவர்கள் மனமுடைந்து திரும்பினர். குரோ தம் மேற்சட்டையைக் கழற்றிக் கூடாரக் கம்பில் கொடியாகக் கட்டினார். பிரெயில் ஊரார் அக்கொடியைக் கண்டு, வென்றவர் தம்மவரே என மகிழ்ந்தார்களாம்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கத் தொடங்கினர். மாணவர்களே, மலையில் ஏறுவதினும் இறங்குவதே அரிது. முன்னே குரோ, அடுத்து ஹாடோ, ஹட்சன், டக்ளஸ், முதிய தாக்வால்டர், விம்பர், இளைய தாக்வால்டர் என்னும் வரிசையில் அனைவரும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஒருவர் வழுக்கினால் மற்றவர் தாங்குவதற்கே இக்கயிறு. குரோ, ஹாடோவின் பாதங்களைத் தம் கையால் பிடித்துப் பாறையில் ஊன்றி உதவினார். அவர் தம் வழிக்குத் திரும்பிய அளவில் ஹாடோ வழுக்கி அவர்மீது விழுந்தார். இருவர் பளுவும் ஹட்சனையும் டக்ளசையும் இழுத்தது. முதியவரும் விம்பரும் பாறையைப் பற்றி உறுதியாக நின்றனர். கயிறு விறைத்தது; டக்ளசுக்கும் முதியவருக்கும் இடையே அறுந்தது. நால்வரும் ஏறத்தாழ 1,200 மீட்டர் கீழே பனியாற்றில் வீழ்ந்து மாண்டனர். எஞ்சிய மூவரும் நெடுநேரம் அசையவும் இயலாது நடுங்கி நின்று, இரவைப் பாறை விளிம்பில் கழித்து, மறுநாள் ஊர் வந்து சேர்ந்தனர். குரோ, ஹாடோ, ஹட்சன் ஆகியோர் உடல்கள் கிடைத்தன. டக்ளசின் உடல் கிடைக்கவே இல்லை.

மூன்று வகைக் கயிறுகளை அவர்கள் கொண்டு சென்றிருந்தனர். அறுந்தது அவற்றுள் மிக நைந்தது; பாறையில் கட்டி விட்டுவரக் கொண்டுவந்த உதிரிக் கயிறு. முதியவர் அதனை வெட்டிவிட்டார் என்று ஊரில் பழிச்சொல் எழுந்தது. நீதி விசாரணை அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. கயிறு வெட்டப்படவில்லை என்று விம்பரும் உறுதி கூறினார். எனினும், வலிய கயிறுகள் இருக்க மெலிந்ததை முதியவர் ஏன் கட்டினார் என்னும் ஐயத்தையும் அவர் விட்டாரல்லர். அந்த ஐயம் முதியவர்மீது நிழலாகப் படிந்தது. அவர் சில காலம் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பினார். இங்கு விம்பர் செய்தது முற்றும் நேரிதன்று. இறங்குமுன் எல்லா முடிச்சையும் கயிற்றையும் பார்த்திருக்க வேண்டிய கடமை அவருக்கும் உண்டன்றோ? அறுந்த கயிற்றின் துண்டு செர்மாட் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

கரேல் மூன்று நாள்களுக்குப் பின்னர் இத்தாலிப் பக்கமாக ஏறி உச்சியை அடைந்தார். விம்பரோ ஆல்ப்சில் புதுச் சிகரம் தேடும் ஆர்வத்தைக் குறைத்துக்கொண்டு, கிரீன்லாந்துக்கு இருமுறை சென்றார். 1871இல் தம் மலைப்பயணங்களைத் தாமே செதுக்கிய படங்களுடன் நூலாக வெளியிட்டார். அந்நூல் பலரை மலைக்கு ஈர்த்தது.

1880இல் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுச் சிம்போராசோ மலைக்குச் சென்றபோது, அவர் துணையாக அழைத்தது யாரை? பழைய போட்டியாளராகிய கரேலையே! 6,263 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தில் ஜனவரி 4ஆம் நாள் இருவரும், கரேலின் உறவினராகிய லூயி கரேலும் முதன்முதல் ஏறினர். ஏறும் வழியில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தலைவலியும் அவர்களைப் படுக்கையில் வீழ்த்தின. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதே இதற்குக் காரணம் என விம்பர் குறித்து வைத்தார்.

கரேல் 1890ஆம் ஆண்டில், மாட்டர்ஹார்னில் கடும்புயலில் சிக்கிய பயணியரைப் பத்திரமாக இறக்கிக் கொணர்ந்து, மலையடியை நெருங்கியதும் களைத்து விழுந்து உயிர் நீத்தார். விம்பர் தம் முதுமையில் சாமொனி, செர்மாட் ஆகிய ஊர்களுக்குப் பயணியர் கைந்நூல்கள் எழுதினார். 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், தம் எழுபத்தோராம் வயதில், சாமொனியில் ஒரு விடுதியில் காலமானார். அவ்வூரிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அப்பள்ளத்தாக்கில் பிறந்த குரோவின் கல்லறையோ செர்மாட்டில், மாட்டர்ஹார்னின் அடியில் இருக்கின்றது.