திருக்காவலூர் ஆசிரியர்

தோற்றுவாய்

அரியலூரை அடுத்துள்ள கல்லங்குறிச்சி சிற்றூரேயாயினும் இருதிறத்தார்க்கு நன்கு அறிமுகமானது. கலியுக வரதராசப் பெருமாளை வழிபட வருவோர் ஒரு திறத்தார். நிலநூல் பயில்வோர் மற்றொரு திறத்தார். அவ்வூர்ச் சுண்ணாம்புக் கற்படையில், பல கோடி ஆண்டுகட்கு முன் கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் செறிந்து கிடக்கின்றன. ஆதலின் நிலநூலார் அக்கற்படைக்குக் கல்லங்குறிச்சி என்னும் பெயரையே இட்டு வழங்குகின்றனர். ஒரு படைமேல் மற்றொரு படை அமைந்தே நிலம் உயர்ந்தது என்பதை அக்கற்கள் நமக்கு உணர்த்துகின்றன.

அவ்வூரினின்று தெற்கு நோக்கிச் செல்வோமாயின், கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சி என்னும் ஊரை அடைவோம். இன்று அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூரிலிருந்துதான், பிறமொழியாளர் தமிழ் கற்றற்குரிய நூல்கள் பல ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்கு முன் வெளிப்போந்தன. அவற்றை ஆக்கியவர் வீரமாமுனிவர். அவரைத் தேம்பாவணி பாடிய புலவராக அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயினும் மொழியாசிரியராக அவர் ஆற்றிய தொண்டு பலராலும் போதிய அளவு உணரப்படவில்லை. அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்க முற்படுகின்றோம்.

பிறப்பும் வருகையும்

கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி என்பது இவரது இயற்பெயர். இத்தாலி நாட்டு மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8 ஆம் நாள் பிறந்தார். 1698 இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710 இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டில் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு அகவை முப்பது கடந்திருந்தது. இளஞ்சிறார் தாய்மடியிற் கற்கும் மொழியை, தாடி வளர்ந்த பின் அகரம் முதலாகக் கற்பது எத்துணை அருமை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார் என்று கூறுவது மரபு. முதலில் தைரியநாதர் என்று பெயர் பூண்டவர், பின்னர் வீரமாமுனிவர் என அழைக்கப்பெற்றார்.

ஏலாக்குறிச்சியைத் தம் பணிக்கு நிலைக்களமாகக் கொண்டு, அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கு எழுந்த அடைக்கலமாதாவின்மேல் கலம்பகமும் பாடினார். 1726 இல் தேம்பாவணி நிறைவுற்றது. மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் உடைய அப்பெருங்காப்பியம் ஒன்றே ஒருவர் வாழ்நாட்கு அமையும். அவரோ அதன்பின் ஓய்ந்திருந்தாரல்லர்.

முன்னோர் இட்ட அடிப்படை

வீரமாமுனிவர் வெறுநிலத்தில் வீடு கட்டியவர் அல்லர். பதினாறாம் நூற்றாண்டில் அன்றிக்கே அண்ட்ரிக் என்னும் போர்த்துக்கீசியத் துறவி, முத்துக்குளித்துறையில் பரதவரிடையே வாழ்ந்து, தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அவர் 1578 இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் தமிழ் அச்சு நூல்களுள் முதன்மையான ஒன்று. புரோயென்சா தொகுத்த தமிழ்ப் போர்த்துக்கீசிய அகராதி 1679 இல் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் அச்சேறியது. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் லுத்தரன் சபைத் தொண்டர் எழுதிய இலக்கணம் 1716 இல் ஜெர்மனி நாட்டு ஹாலே நகரில் வெளிவந்தது.

இவ்வளவும் இருந்தும் குறை நீங்கவில்லை. வீதியிற் பேசும் தமிழ் ஒன்று. ஏட்டில் வாழும் தமிழ் மற்றொன்று. ஏட்டுத் தமிழ் மட்டும் கற்றவர் நோயாளியின் படுக்கையருகே சென்றால் அவன் கூறும் துயரம் விளங்காது. பேச்சுத் தமிழ் மட்டும் கற்றவர் புலவர் அவையிற் புகுந்தால் ஒரு செய்யுளும் விளங்காது. ஒரு மொழிக்குள் இருவேறு வாயில்கள் இருத்தலைத் தெளிந்து, அவ்வவ் வாயிலுக்கு அவ்வத் திறவுகோலை அமைத்ததே முனிவர் செய்த பேருதவியாகும்.

நால்வகைக் கருவிகள்

முதலாவது, 1728 இல் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம். மதுரைத் தளத்தில் தம்முடன் உழைத்த துறவியர்க்கென அதனை இயற்றினார். எழுத்து, பெயர், வினை, தொடர் என்பவற்றை முறையே விளக்கி, நாள்தோறும் வேண்டப்படும் எண், அளவை, காலக்கணக்கு முதலியவற்றையும் சேர்த்தார். பேசுந்தமிழும் இலக்கணம் உடையதே எனக் கண்டு அதனை வரன்முறைப்படுத்தியது சிறிய செயல் அன்று.

இரண்டாவது, 1730 இல் இலத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கணம். தமிழ் வல்லார்க்கென அதே காலத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் தொன்னூல் விளக்கத்தில் வகுத்துரைத்தார். ஒரே ஆசிரியர் வேற்று நாட்டார்க்கு ஒரு முறையும் உள்நாட்டார்க்கு ஒரு முறையும் மேற்கொண்டமை, மாணாக்கர் நிலையறிந்து கற்பிக்கும் அவரது திறத்தைக் காட்டும்.

மூன்றாவது, 1732 இல் இயற்றிய சதுரகராதி. அதற்கு முன் சொற்பொருள் அறிய விரும்புவோர் நிகண்டுகளைப் பாட்டாக நெட்டுருச் செய்தல் வேண்டும். நெட்டுருச் செய்யாதார்க்கு வழியில்லை. முனிவரோ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக வகுத்து, சொற்களை அகரவரிசையில் அமைத்தார். அதனால் நேற்றுத் தமிழ் கற்கத் தொடங்கியவனும் இன்று ஒரு சொல்லைத் தானே தேடிக் காணும் நிலை உண்டாயிற்று.

நான்காவது, பரமார்த்த குருவின் கதை. அறிவற்ற குருவும் அவர்தம் சீடர் ஐவரும் படும் பாட்டைக் கேட்டு நகையாத சிறாரும் உளரோ? ஆயினும் அதனை முனிவர் நகைப்புக்கென்றே எழுதவில்லை. தமிழ் பயில்வோர்க்குரிய பயிற்சிப் பாடமாக, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் தம் தமிழ் இலத்தீன் அகராதியோடு சேர்த்தார். இலக்கணத்தின் கசப்பைக் கதையின் இனிப்பால் மாற்றினார் எனலாம். அது 1822 இல் பாபிங்டன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சாயிற்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஐயமின்றி வேறு பிரித்தறிய எழுத்து வடிவில் அவர் செய்த திருத்தமும் பயில்வோர் இடர் களைதற்கே எழுந்தது.

மாற்றார் அச்சுக்கூடம்

இனி நம் உள்ளத்தைப் பெரிதும் தொட்ட செய்தி ஒன்றுண்டு. அக்காலத்தில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஒருவரையொருவர் கடிந்து எழுதினர். முனிவரும் அதற்கு விலக்கல்லர். வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்களில் தரங்கம்பாடியாரை அவர் கடுமையாகத் தாக்கினார். அவற்றுட் சில இடங்களை இன்று படிக்குங்கால் கிறிஸ்தவ மாணாக்கராகிய எமக்கு உள்ளம் வருந்தாமற் போகவில்லை. அன்பின் சமயத்தைப் போதிக்க வந்தோர் இங்ஙனம் மோதினரே என்று நாணுகின்றோம்.

ஆயினும் நடந்தது யாது? முனிவரது கொடுந்தமிழ் இலக்கணம் 1738 இல் அச்சேறியபோது, அதனை அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் சபையாரின் அச்சுக்கூடமே! தம்மைத் தாக்கியவர் நூலை அவர்கள் தள்ளிவிடவில்லை. தமிழ் கற்க வரும் தம் இளந்தொண்டர்க்கு அதனினும் பயனுள்ள பாடநூல் இல்லையெனக் கண்டு ஏற்றுக்கொண்டனர். முனிவரின் மற்றோர் இலத்தீன் நூலாகிய செந்தமிழ்த் திறவுகோலும் 1876 இல் அதே தரங்கம்பாடியில் பதிப்பிக்கப்பெற்றது. கோட்பாட்டிற் பிரிந்து நின்றோரை மொழி கற்பிக்கும் கடமை ஒருங்கு சேர்த்தது.

பிற்காலப் பயன்

முனிவர் தம் இறுதி நாட்களில் மலையாள நாட்டில் வாழ்ந்து, 1747 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4 ஆம் நாள் அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். புரோயென்சாவின் அகராதி அச்சேறிய ஊரிலேயே சதுரகராதி செய்தார் துயில் கொண்டது வியப்புக்குரியது.

அவரது உழைப்பு அவருடன் முடிந்துவிடவில்லை. 1812 இல் சென்னையில் தோன்றிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், ஆங்கில அலுவலர்க்கு நாட்டு மொழிகள் கற்பிக்கப்பட்டன. அதற்கு உயிராய் விளங்கிய எல்லிஸ் துரை, முனிவரின் ஏடுகளைத் தேடித் தொகுக்கப் புதுவை முத்துசாமிப் பிள்ளையை அனுப்பினார். அப்பெரியாரே 1822 இல் முனிவர் வரலாற்றையும் தமிழில் எழுதினார். அக்கல்லூரிப் புலவர்களாகிய தாண்டவராய முதலியாரும் இராமச்சந்திர கவிராயரும் 1824 இல் சதுரகராதியைப் பதிப்பித்தனர். இத்தாலியத் துறவி தொகுத்ததை ஆங்கிலேயர் தேடுவிக்க, தமிழ்ப் புலவர் செப்பஞ்செய்து அளித்தனர். நல்ல பாடநூல் ஒருவர் கையால் நிறைவுறுவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முடிவுரை

1968 இல் நடந்த இரண்டாம் உலகத்தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் முனிவர்க்குச் சிலை எடுக்கப்பட்டது. அது நன்றே. ஆயினும் அவர்க்குரிய உண்மையான சிலை பயில்வோன் கையிலுள்ள நல்ல நூலேயாம்.

இன்று கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் சிமெண்டாக மாறுகின்றது. ஆலைப்பணியையும் கட்டடப்பணியையும் நாடி வடநாட்டிலிருந்து உழைப்பாளர் பலர் நம் நாட்டுக்கு வருகின்றனர். கடைவீதியிலும் மருத்துவரிடத்தும் தம் குறையை உரைக்க மொழியின்றி அவர்கள் திகைத்து நிற்றலை யாம் கண்டுள்ளோம். கடல் கடந்து வாழும் தமிழரின் மக்களோ தாய்மொழியைப் புதுமொழிபோலக் கற்கின்றனர். இவர்கட்கெனக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதுவார் யார்? ஒருவர் இலக்கணம் வகுக்க, ஒருவர் சொற்றொகுக்க, ஒருவர் கதை புனைய, கருத்து வேற்றுமையுடையாரும் கைகோத்து அச்சிட முன்வரின், அப்பணி முடியாததன்று. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் வழிகாட்டுவாராயின், தமிழ் பயிலும் யாமும் எம்மாலியன்ற ஒரு படையை அதன்மேல் இடச் சித்தமாயிருக்கின்றோம்.

வாழ்க முனிவர் புகழ்! வளர்க செந்தமிழ்!